அலவாங்கின் அடிப்பூச்சு

பழைய இரும்பின் மேல் பூசிய வர்ணத் தீந்தையையும், அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் துருவையும் எப்படி எடுப்பது என்று தெரியாதவர் எங்கள் தோட்டத்தில் ஒருவர்கூட இல்லை. எடுப்பதற்குத்தான் ஆள் இல்லை. அதனால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

நான் அப்போது சாமான் காம்பராவுக்குப் பொறுப்பாக இருந்தேன். காலையில் ஆட்களுக்கு மண்வெட்டியும் மண் கிளறும் முள்ளும் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தியும் எடுத்துக் கொடுப்பது, மாலையில் திரும்ப வாங்கி வைத்துக் கதவைப் பூட்டுவது, இதுதான் வேலை. பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. ஆனால் சமதரையில் செய்கிற வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால், மழைத்தண்ணீர் ஓடுவதற்கு மலையில் கான் வெட்டப் போய், வெட்டிய கானுக்குள்ளேயே வழுக்கி விழுந்து இடது முழங்காலைக் கெடுத்துக்கொண்டவன் நான். மலையேற முடியாத ஆளுக்குத் தேயிலைத் தோட்டத்தில் என்ன மரியாதை என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்போதிருந்த துரை இரக்கப்பட்டு காம்பராச் சாவியை என் கையில் கொடுத்தார். சாவி போனால் மறுபடி மலைதான். இதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை. கொஞ்சம் மறந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் தோட்டம் ஹாலிஎலவுக்கு மேலே இருந்தது. ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றிருந்தது. அதற்கு இப்பால் எல்லாம் மாட்டுவண்டிதான். தோட்டத்தில் இரண்டு கணக்கு. கணக்கு என்றால் எங்களுக்குத் தோட்டத்தின் ஒரு பிரிவு, அதற்கென்று ஒரு பெரிய கங்காணி, அவர் ஆட்கள், அவர்கள் குடியிருக்க லயங்கள். மேல்கணக்குக்கும் கீழ்கணக்குக்கும் நடுவில் ஓர் ஓடை ஓடியது. அந்த ஓடையைத் தாண்டிப் பெண் எடுப்பார்கள், பெண் கொடுப்பார்கள், சாவுக்குப் போவார்கள். சாமான் என்று வந்துவிட்டால் மட்டும் இரண்டு பக்கமும் கீரியும் பாம்பும்தான்.

எனக்குச் சாவி கொடுத்த அதே துரைதான் இந்த வில்லங்கத்தையும் தொடங்கி வைத்தார். தேயிலைக்கு முந்தின காப்பிக் காலத்து மண்வெட்டிகளும் அலவாங்குகளும் யாருடையவை என்று கங்காணிகள் தினமும் அவர் வாசலில் வந்து நின்றதில் அலுத்துப் போய், மேல்கணக்குச் சாமானுக்குச் சிவப்பு, கீழ்கணக்குச் சாமானுக்கு நீலம் என்று தீந்தை பூசச் சொன்னார். சிவப்பு, தேயிலை ஸ்டோர் கூரைக்குப் பூசி மிஞ்சியது. நீலம், வண்டிக்குப் பூச வாங்கியது. அதோடு பிரச்சினை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அவர் கப்பல் ஏறிச் சீமைக்குப் போய்விட்டார். பிரச்சினை அன்றைக்குத்தான் தொடங்கியது.

நிறம் இல்லாத காலத்தில் ஒரு மண்வெட்டியைத் தூக்கிப் போனால் அது களவு. நிறம் வந்தபின் அதைத் தூக்கிப் போய் ஒரு பூச்சுப் பூசிவிட்டால் அது சொந்தச் சாமான். இந்த வசதியை இரண்டு கங்காணிகளும் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். சிவப்பு நீலமாயிற்று. நீலம் மறுபடி சிவப்பாயிற்று. ஆட்டுக் கொம்புக்குக்கூடப் பூசினார்கள். மாலையில் சாமான் திரும்பி வரும்போது நீலமாக வந்தால் நீல மூலையில் வைப்பேன், சிவப்பாக வந்தால் சிவப்பு மூலையில் வைப்பேன். மொத்தத்தில் ஒன்றும் குறையாது. நிறம்தான் மாறும். காலையில் சிவப்பாகப் போன மண்வெட்டி மாலையில் ஈரம் காயாமல் நீலமாக வந்து என் கையில் ஒட்டிக்கொண்ட நாளும் உண்டு. நான் கையைத் துடைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

பூசியவர்கள் ஒழுங்காகவாவது பூசினார்களா என்றால் அதுவும் இல்லை. அவசர வேலை அல்லவா? துருவைச் சுரண்டாமல், மண்ணைக் கழுவாமல், வெட்டு வாய் என்றுகூடப் பார்க்காமல் அப்பி வைத்தார்கள். ஒரு மண்வெட்டியின் பூச்சுக்குள் ஒரு முழு தேயிலை இலையே உட்கார்ந்திருந்தது. தீந்தைக்கு அடியில் ஈரம் நின்று துரு வளரும், துரு தீந்தையை மேலே தூக்கும், தூக்கிய இடத்தில் இன்னொரு பூச்சு விழும். சில வருஷத்தில் கவ்வாத்துக் கத்தி என்று பெயர்தானே தவிர, அதைக் கொண்டு வாழைத்தண்டைக்கூட வெட்ட முடியாது.

இந்த நிலையில்தான் புதுத் துரை வந்து சேர்ந்தார். வயது இருபத்தைந்துகூட இருக்காது. எல்லாம் வரிசையாக இருக்கவேண்டும் அவருக்கு. நாய்கூட அவருக்கு இடப்பக்கமாகத்தான் நடக்கவேண்டும். அவர் வந்து ஒரு மாதம் ஆவதற்குள் என் பக்கத்து வீட்டுக்காரன் மாட்டிக்கொண்டான்.

பக்கத்து வீடு என்றால் லயத்தில் அடுத்த காம்பரா. நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரைவரை போகாது. கீழ்கணக்கில் கான் வெட்டுகிற ஆள். அவனைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லவேண்டும் என்று எனக்கும் ஆசைதான். சாணைக்கல்லை இரவல் கேட்பான், திருப்பித் தரமாட்டான். அவன் கோழிகள் என் அரிசிப் பானையைத் தங்கள் சீதனம் என்று நினைத்துக்கொண்டிருந்தன. ஒரே பாட்டின் முதல் அடியை மட்டும் நாள் முழுக்கப் பாடுவான், இரண்டாவது அடி அவனுக்குத் தெரியாது. லயத்துக்குப் பின்னால் அவன் போட்டிருந்த தோட்டத்தில் ஒரு பாறை துருத்திக்கொண்டு நின்றது. அதைப் புரட்டிவிட்டால் இன்னும் நாலு மரவள்ளிக் குச்சி நடலாம் என்று ஒரு சனிக்கிழமை என்னிடம் அலவாங்கு கேட்டான். பாறையை நெம்பிப் புரட்ட அந்த நீள இரும்புத் தண்டை விட்டால் வேறு வழி கிடையாது. நீல மூலையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை தருகிறேன் என்றான்.

ஞாயிறு போய், திங்கள் போய், புதனும் வந்துவிட்டது. பாறை புரண்டு கிடந்தது. அலவாங்கு அவன் மரவள்ளிக்கு நடுவில் கொடிமரம் மாதிரி நட்டு நின்றது. பாறையில் உராய்ந்த இடத்தில் நீலம் உரிந்து உள்ளே சிவப்புத் தெரிந்தது. அந்த வழியாக மேல்கணக்குப் பெரிய கங்காணி வந்தார். தலைக்கு மேலேயே பருந்து பறந்தாலும் அவர் கண்ணில் படாது. சிவப்பு மட்டும் பட்டுவிடும்.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்க எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்த இடத்தில், அவர் அந்த அலவாங்கைத் துரையின் காலடியில் போட்டார்.

"எங்க கணக்குச் சாமானுங்க தொரை. இவன் தூக்கிட்டுப் போயி நீலத்தப் பூசி வச்சிருக்கான்."

என் பக்கத்து வீட்டுக்காரன் என்னைப் பார்த்தான். கீழ்கணக்குக் கங்காணி, அவனுடைய சொந்தக் கங்காணி, வானத்தைப் பார்த்தார்.

"நான்தாங்க குடுத்தேன். நீல மூலையில இருந்துதாங்க எடுத்துக் குடுத்தேன்" என்றேன். அதுவரைக்கும் சொன்னேன். அந்த மூலைகளில் நிறம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது என்பதையும், பூசுவது யார் என்று ஓடைக்கு இரண்டு பக்கமும் தெரியும் என்பதையும் சொல்லவில்லை. இரண்டு கங்காணிகளும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் ஒன்றுபட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

துரை யோசித்தார். யோசித்து ஒரு தீர்ப்பும் கொடுத்தார். கவ்வாத்து தொடங்க இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அதற்குள் காம்பராவில் உள்ள எல்லாச் சாமானிலும் தீந்தையையும் துருவையும் எடுத்துவிட வேண்டும்.

"அடியில என்னா கலர், அது சொந்தக் கணக்கு" என்றார். "இந்த அலவாங்கு அடியில செவப்பு இருந்தா, இந்த ஆள் கள்ளன். பேர் வெட்டு. பொஞ்சாதி, புள்ள, எல்லாம் வெளியே."

பேர் வெட்டினால் லயத்துக் காம்பரா போச்சு, வேலை போச்சு, பக்கத்துத் தோட்டத்திலும் கள்ளன் என்று சேர்க்கமாட்டார்கள். அவனுக்கு இரண்டு குழந்தைகள், மூன்றாவது வயிற்றில். ஊர் என்று சொல்லிக்கொள்ளக் கடலுக்கு அந்தப் பக்கம் அவனுக்கு எதுவும் இல்லை. ஆக, ஒரு குடும்பத்தின் கதி ஒரு இரும்புத் தண்டின் அடிப்பூச்சில் போய் நின்றது. அதைச் சுரண்டவேண்டிய கை என் கை.

அன்றைக்கே வைத்தியர்கள் வந்து குவிந்தார்கள். புளியைக் கரைத்துத் தேய் என்றார் ஒருவர். புளி எதற்கு, புளித்த கஞ்சியில் மூன்று நாள் ஊறப்போடு என்றார் அடுத்தவர். மாட்டு மூத்திரம் என்றது ஒரு குரல். எலுமிச்சையும் உப்பும் என்றாள் கொழுந்து பறிக்கப் போகிற ஒருத்தி. அவள் சொன்னதில் ஓரளவு விஷயம் இருந்தது, ஆனால் அறுபதுக்கு மேற்பட்ட சாமானுக்கு எலுமிச்சைக்கு நான் எங்கே போவேன்? மேல்கணக்குக் கங்காணி நெருப்பில் போட்டால் தீந்தை தானாக எரிந்து போகும் என்றார். வேண்டாங்க, வெட்டு வாய் கெட்டுப்போகும் என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் ஆட்கள் மூன்று கவ்வாத்துக் கத்தியை அடுப்பில் செருகிவிட்டார்கள். தீந்தை எரிந்தது உண்மை. புகையில் காம்பராவே கறுத்தது. கத்தியும் பதம் போய், கட்டையில் ஒரு போடு போட்டதும் பாக்குமட்டை மாதிரி மடங்கிக்கொண்டது. மூன்றையும் என் காலடியில் போட்டுவிட்டு, நல்ல இரும்பு இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் தேயிலை வண்டியில் தொற்றிக்கொண்டு பதுளைக்குப் போனேன். கடைவீதியில் இரும்புச் சாமான் விற்ற ஒரு முஸ்லிம் முதலாளியை எனக்குப் பழக்கம். அண்ணன் முறைக்கு நானா என்றுதான் கூப்பிடுவேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்கே அவருக்குப் புண்ணியம்.

"தீந்தைக்கு ஒரு மருந்து, துருவுக்கு ஒரு மருந்து. ரெண்டையும் ஒரே நேரத்தில எடுக்கப் பாத்தா ரெண்டும் போகாது, தம்பி" என்றார். "சுண்ணாம்பையும் விறகுச் சாம்பலையும் களி மாதிரி குழைச்சுப் பூசுங்க. ஈரச் சாக்கைச் சுத்தி வைங்க. காலையில சுரண்டுங்க. பொறகு செங்கல்பொடியும் மண்ணெண்ணெயும் தென்னம்பஞ்சும். கையில பட்டா கையும் உரியும், பாத்துக்கோங்க."

கை உரிந்தது. அவர் சொன்னதில் எதுவும் தப்பவில்லை. அன்று மாலையே ஒரு மண்வெட்டிக்குக் களியை அப்பிச் சாக்கைச் சுற்றி வைத்தேன். மூன்றாம் நாள் காலை சாக்கைப் பிரித்தால், தீந்தை பாலாடைபோலச் சுருங்கி நின்றது. மழுங்கிய கத்தியால் தள்ளத் தள்ளச் சுருள் சுருளாக வந்தது. இத்தனை எரிச்சலுக்கு நடுவிலும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்ததை மறைக்க முடியாது. நீலம் வந்தது. அதன் கீழ் சிவப்பு. அதன் கீழ் மறுபடி நீலம், மறுபடி சிவப்பு. கடைசியாக இரும்பு வந்தது. துருவைச் செங்கல்பொடி போட்டுத் தேய்த்தேன். தேய்த்த இடத்தில் ஓர் அடையாளம் வெட்டியிருந்தது.

எனக்கு இங்கிலீசு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த அடையாளம் தெரியும். வாரத்துக்கு இரண்டு தரம் எங்கள் ரோட்டு வழியாக வண்டியில் போகிற தேயிலைப் பெட்டிகளில், கறுப்பு மையில் அதே அடையாளம் இருக்கும். எங்கள் பெட்டிகளில் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்துத் தோட்டத்துப் பெட்டிகளில்.

மண்வெட்டியைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்ததை எடுத்தேன். அதிலும் இருந்தது. கத்தியில் இருந்தது. முள்ளின் கழுத்தில் இருந்தது. காப்பி பட்டுப்போய் எல்லோரும் தலையில் கைவைத்திருந்த காலத்தில் யாரோ இரவல் வாங்கி வந்தார்களா, ஆள் விட்டுத் தூக்கி வந்தார்களா, தெரியாது. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. இரண்டு கணக்கும் இத்தனை வருஷமாக அடுத்தவன் சாமானுக்குத்தான் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த அலவாங்கும் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாகத்தான் இருக்கும்.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பங்களா எட்டிப் பிடிக்கிற தூரம். ஆனால் நான் என்ன நினைத்தேன்? களவுச் சாமானை இத்தனை நாள் பூட்டிப் பாதுகாத்தவன் யார் என்று துரை கேட்பார். சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்பார். அந்தச் சாவி மடியில் கனத்தது. சாமானை எல்லாம் அடையாளம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கிவிட்டு, அலவாங்கை மட்டும் தொடாமல் சுவரோரம் சாய்த்து வைத்தேன். கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு கங்காணிகள் வரத் தொடங்கினார்கள். மேல்கணக்குக்காரர் காலையில் வருவார். "அடியில செவப்புதான் இருக்கும், நல்லா ஆழமா சொரண்டுப்பா" என்பார். கீழ்கணக்குக்காரர் மத்தியானம் வருவார். "நீலம் தெரிஞ்ச ஒடனே கைய நிறுத்திரு. ஒனக்கெதுக்கு வீண் வேல?" என்பார். இருவரும் போகும்போது என் காலைப் பார்த்து, மலை இப்போது ரொம்ப வழுக்குகிறது என்று ஒரே மாதிரி சொல்லிவிட்டுப் போவார்கள். உள்ளங்கை தோல் உரிந்து, நகக்கண்ணில் சுண்ணாம்பு ஏறி, சோற்றைக்கூடக் கரண்டியால் தின்றுகொண்டிருந்த எனக்கு இரண்டு பேரையும் அந்தச் சுண்ணாம்புக் களியில் ஊறப்போட்டுச் சாக்கைச் சுற்றி வைக்கலாம் என்று இருந்தது.

மாலையில் பக்கத்து வீட்டுக்காரன் மனைவி வருவாள். கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வராமல், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"அண்ணே, அந்த அலவாங்கு ஆச்சாண்ணே?"

"ஆகலம்மா."

"எப்பண்ணே ஆகும்?"

"ஆகும்போது ஆகும். நீ வேற வந்து உயிர வாங்காத" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். எரிச்சல் அவள் மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்?

அவளுடைய புருஷன் ஒரு தடவைகூட வந்து கேட்கவில்லை. சுவருக்கு அப்பால் அந்த ஒற்றை அடிப் பாட்டு நின்றுபோயிருந்தது. அது நிற்காதா என்று நான் வேண்டாத சாமி இல்லை. நின்றபின் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சனியன், பாடித் தொலையேன் என்று இருந்தது. பத்தாம் நாள் வாக்கில் லயத்துக்குப் பின்னால் மண் கிண்டும் சத்தம் கேட்டது. கோழி கிளறுகிறது என்று நினைத்தேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

பதினைந்தாம் நாள் பெரட்டு முடிந்ததும் துரை நேரே காம்பராவுக்கு வந்தார். இரண்டு கங்காணிகளும் பின்னால் வந்தார்கள். அவனையும் கூட்டி வந்து நிறுத்தினார்கள். சற்றுத் தள்ளி, கானுக்கு அந்தப் பக்கம், அவள் இரண்டு குழந்தைகளோடு நின்றாள். தலையில் ஒரு மூட்டை. காலடியில் சட்டிபானை. துரை என்ன சொல்வார் என்று அவர்கள் முடிவே செய்துவிட்டிருந்தார்கள்.

முதல் நாளே களி பூசிச் சாக்கைச் சுற்றியிருந்த அலவாங்கை வெளியே கொண்டுவந்து இரண்டு கல்லின் மேல் வைத்தேன். கத்தியை வைத்துத் தள்ளினேன். நீலம் சுருண்டு விழுந்தது. சிவப்பு வந்தது.

மேல்கணக்குக் கங்காணி தொடையில் தட்டினார். "பாத்தீங்களா தொரை!"

"சரி. செவப்பு" என்றார் துரை. திரும்பி அவனைப் பார்த்தார். பதினைந்து நாளில் அவன் பாதி ஆளாகியிருந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அங்கேயே நான் கத்தியைக் கீழே வைத்திருந்தால் கதை முடிந்தது. அடுத்த காம்பரா காலி. கோழித் தொல்லை போயிற்று. என் சாவியும் என்னிடமே இருக்கும்.

"இன்னும் இருக்குங்க தொரை" என்றேன்.

குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மறுபடி தள்ளினேன். நீலம் வந்தது. இப்போது கீழ்கணக்குக் கங்காணி வாய் திறந்தார். பதினைந்து நாளாக வானம் பார்த்தவருக்குத் திடீரென்று தன் ஆளின் மேல் பாசம் பொங்கிவிட்டது. "எங்க சாமானுதாங்க, நான் அன்னைக்கே சொன்னேனுங்க!" அவர் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை.

"இன்னும் இருக்குங்க."

சிவப்பு. அதற்குக் கீழே பொருக்குத் துரு. செங்கல்பொடியைக் கொட்டி, மண்ணெண்ணெய் விட்டு, தென்னம்பஞ்சால் தேய்த்தேன். அடையாளம் வெளியே வந்ததும் துணியால் துடைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

துரை குனிந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு இன்னும் கிட்டக் குனிந்தார். அவர் கழுத்து சிவந்துகொண்டே போனது. சனிக்கிழமைதோறும் அவர் குதிரையேறிப் போவது பக்கத்துத் தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாவுக்குத்தான். அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்.

"எத்தனை இருக்கு இந்த மாதிரி?"

"நாப்பத்தொண்ணுங்க."

"உனக்கு எப்போ தெரியும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கானுக்கு அந்தப் பக்கமிருந்தும்.

"மூணாம் நாளே தெரியுங்க."

துரை நிமிர்ந்தார். சாவியைக் கேட்பார் என்று மடியில் கைவைத்துவிட்டேன். அவர் கேட்கவில்லை. தன் பாஷையில் தனக்குள்ளே ஏதோ சொன்னார், நல்ல வார்த்தை இல்லை என்று மட்டும் புரிந்தது. பிறகு கங்காணிகளைப் பார்த்து, "போ. எல்லாம் வேலைக்குப் போ. இந்த ஆளும் வேலைக்குப் போ" என்றார். என்னிடம் மட்டும் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கறுப்பு பூசு. எல்லாத்துக்கும். இன்னைக்கே. சாவி நீதான் வச்சிரு. வேற ஆள் இங்க வரக் கூடாது."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினைந்து நாள், இரண்டு கையின் தோல், மூன்று நல்ல கத்தி. எல்லாம் மறுபடி பூசி மறைப்பதற்கு. நான் எதைச் சொன்னால் சாவி போகும் என்று பயந்து பயந்து செத்தேனோ, அதைச் சொன்னதால்தான் சாவி என்னிடமே நின்றது. மூன்றாம் நாள் சொல்லியிருந்தாலும் நின்றிருக்கும். இதை நினைத்தபோது என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, இரண்டு கங்காணிகள் மேலும் சேர்த்து அதில் பாதிகூட வந்ததில்லை.

அன்று முழுக்கக் கறுப்புப் பூசினேன். துருப்பிடிக்காத சுத்தமான இரும்பின் மேல், அந்தத் தோட்டத்தில் முதன்முதலாக ஒழுங்காகப் பூசிய தீந்தை அதுதான் என்று எழுதி வைக்கலாம். மத்தியானம் அவன் வந்தான். கான் வெட்டுகிற இடத்தில் ஒரு கல் இருக்கிறதாம், அலவாங்கு வேண்டுமாம். காயாத அலவாங்கை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, "இந்தப் பக்கம் சரியா புடிக்கல" என்று சொல்லிவிட்டு, விரலை என் கதவில் துடைத்துவிட்டுப் போனான். திருந்தாத ஜென்மம். எனக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது என்றால் நம்புவீர்களா?

மாலை கொழுந்து நிறுத்து முடிந்ததும் அவள் வந்தாள். இந்தத் தடவை வாசலில் நிற்காமல் உள்ளே வந்தாள். கையில் ஒரு முறம். முறத்தில் மரவள்ளிக் கிழங்கு, சுண்டுவிரல் பருமன்கூட இல்லை, வேர் என்றே சொல்லலாம். இன்னும் ஐந்தாறு மாதம் மண்ணுக்குள் இருக்கவேண்டியவை.

"என்னம்மா இது? இதப் போயி யாராவது இப்பப் புடுங்குவாங்களா? புத்தி இருக்கா ரெண்டு பேருக்கும்?" என்று கத்தினேன். கையெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. "குச்சியாவது இருக்கா, திரும்ப நட?"

"குச்சியெல்லாம் அடுப்புல போயிருச்சுண்ணே. வெளிய போறவங்களுக்கு எதுக்குன்னு எரிச்சுட்டோம். கெழங்க மட்டும் வழியில புள்ளைகளுக்கு அவிச்சுக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன். இப்பத்தான் போகலையே, உங்களுக்குக் கொஞ்சம் தரலாம்னு."

முறத்தை நீட்டிக்கொண்டே நின்றாள். நான் வாங்கவில்லை. அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"மூணாம் நாளே தெரியும்னு தொரைகிட்ட சொன்னீங்களேண்ணே" என்றாள். "நாங்க பத்தாம் நாளுதான் புடுங்கினோம்."

முறத்தைக் கறுப்புத் தீந்தை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவற்றை அவித்தேன். நாராக இருந்தது, ஒன்றுகூட மாவாகவில்லை. ஒன்று விடாமல் தின்றேன்.